சிலுவையைத் தாரை வார்த்த விவரம்

லான்வென்னா,
செவ்வாய்க்கிழமை காலை.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய லவ்டே அத்தைக்கு, உங்கள் சமையலறை மேசையிலிருந்து உங்கள் அண்ணன் மகள் செனாரா எழுதுவது.

உங்கள் புது இடுப்பு உங்களோடு ஒத்துப்போகிறது என்று நம்புகிறேன். எக்ஸிடர் வீட்டில் கெரென்சா உங்களை மாடிப்படி ஏற விடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். பெற்ற மகள் சொல்வதை ஒரு மாதமாவது கேளுங்கள். இங்கே பூனை நலம், அடுப்பு நலம், கூரை ஒழுகவில்லை. நானும் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இரண்டும் கொஞ்சம் குறைவாக. நலம் விசாரிப்பை இன்னும் நீட்ட ஆசைதான். நீட்டினால் வானிலையைப் பற்றி எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

திருவிழா முடிந்த மறுநாள் நீங்கள் தொலைபேசியில் கேட்டது நினைவிருக்கும். "விழா எப்படிப் போச்சு?" என்றீர்கள். "நல்லாப் போச்சு அத்தை, வெயில் அடிச்சுது" என்றேன். வெயில் அடித்தது உண்மை. "ஹெட்லி வந்தானா?" "வந்தாரு." "கேட்டானா?" "கேட்டாரு." "நீ என்ன சொன்னே?" அந்த இடத்தில் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் அழைத்தபோதெல்லாம் நான் வீட்டில் இல்லாதது தற்செயல் அல்ல. மணி அடிக்கும்போது தோட்டத்துக்குப் போய் நின்றுகொண்டேன். வேறு யாரும் உங்களிடம் சொல்லாததற்குக் காரணம், தையல் ஆறும் வரை லவ்டேயின் காதில் ஒரு வார்த்தை விழக்கூடாது என்று மேவிஸ் ட்ரஜன் ஊருக்கே போட்ட உத்தரவு. நேற்று அதே மேவிஸ் வந்து, "தையல் ஆறியிருக்கும். இனி நீயாச்சு உன் அத்தையாச்சு. எழுது" என்று பேனாவை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று நம் கல்லறைத் தோட்டத்துக் கற்சிலுவை. மற்றது, உங்கள் பெயரை இழுத்து நான் சொன்ன ஒரு வாக்கியம். சிலுவை விஷயத்தை ஆயர், டிராக்டர், தொல்லியல்காரர் என்று பலரும் சேர்ந்து ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த வாக்கியத்தால் ஹெட்லி நான்காரோ நம் ஊருக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அதைச் சரிசெய்ய உங்களைத் தவிர யாராலும் முடியாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் எனக்குத் தைரியம் போய்விட்டாலும் விஷயம் உங்கள் கையில் இருக்கட்டும் என்று.

ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் கோயில் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்து நீங்கள் சொன்னது இதுதான்: "டீ கொதிகலன் மூடியைத் தொடாதே. மேவிஸோட பன்னைப் பத்தி நல்லதோ கெட்டதோ வாயைத் திறக்காதே. விருந்துல ஹெட்லி ட்ரெவானக் கோயில் சார்பா எழுந்து நம்ம சிலுவையக் கேப்பான், ஏதாவது சொல்லி உக்கார வை." முதல் இரண்டையும் அப்படியே கடைப்பிடித்தேன். மூன்றாவதுதான் மனதை உறுத்தியது. ஏதாவது சொல்லி உட்கார வை. கோயில் வாசலில் தொங்கும் பலகையை நீங்களெல்லாம் தினமும் கடந்து போவதால் படிப்பதில்லை. போன இலையுதிர்காலத்தில்தான் வந்து சேர்ந்த நான் படித்தேன். இந்தச் சிலுவையைப் பக்கத்து ஊரான ட்ரெவானக்கின் நாற்சந்தியிலிருந்து எருதுகள் பூட்டி இழுத்துவந்து நம் கல்லறைத் தோட்டத்தில் நாட்டியவர் அந்தக்கால ஆயர் செப்டிமஸ் போஸ் என்று அதில் தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. திருடியதைத் தங்க எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறோமே என்று எனக்கு முகம் சிவந்தது. குளிர்காலம் முழுவதும் நான் படித்துக்கொண்டிருந்ததோ, பெரிய பெரிய அருங்காட்சியகங்கள் ஊரான் வீட்டுக் கோயில்களிலிருந்து தூக்கிவந்த சிலைகளைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பது பற்றிய புத்தகங்கள். கேட்டு வந்தவனைச் சிரித்து உட்கார வைப்பதுதான் எடுத்தவன் எப்போதும் செய்வது என்று ஒன்றில் இருந்தது. அடிக்கோடு போட்டிருந்தேன். பென்சிலால்தான்.

விழாவன்று குங்குமப்பூ பன் எல்லாத் தட்டுக்கும் போய்ச் சேர்ந்து, பரிசுக் குலுக்கல் தொடங்கும்முன் ஹெட்லி நான்காரோ எழுந்தார். அழுத்தித் தேய்த்த கோட்டு, புது டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. உடனே மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நியாயம் கேட்க எழுந்தவரைப் பார்த்து, சிரிக்க வசதியாக வாயிலிருக்கும் பன்னை யாரும் அவசரமாக விழுங்க மாட்டார்கள்.

"லான்வென்னாக்காரங்களே" என்று ஆரம்பித்தார். "எங்க நாற்சந்தி இன்னிக்கும் மொட்டையாத்தான் கிடக்கு. வெளியூர்க்காரன் எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியாம நேரா வந்து எங்க பாஸ்கோ வீட்டுப் பன்னித் தொழுவத்துல காரை நிறுத்தறான். பன்னிங்க எங்ககிட்ட வந்து மொறையிடுது. எங்களுக்காக இல்லேன்னாலும் அதுங்களுக்காகக் கேக்கறேன். எங்க சிலுவைய எப்போ திருப்பித் தர்றீங்க?"

மண்டபம் சிரித்தது. நான் சிரிக்காமல் எழுந்தேன். கடையில் அளவு மாறி வந்த காலணியைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு ஒரு வருஷம் அதையே போட்டு நடந்தவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளுக்கு அன்று எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை.

"மிஸ்டர் நான்காரோ, நீங்க கேக்கறது நியாயம். எங்க ஊர் உங்ககிட்டேருந்து அதை எடுத்துட்டு வந்துடுச்சு. நீங்க கேக்கும்போதெல்லாம் சிரிச்சு உக்கார வெச்சிருக்கோம். அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். சிலுவை உங்களோடது. எடுத்துட்டுப் போங்க."

ஹெட்லியின் ஒரு கை கோட்டுப் பைக்குள் போனது போனபடியே நின்றது. வழக்கமான மறுப்புக்கு அவர் வழக்கமாக ஒரு மறுமொழி தயாரித்துக் கொண்டுவருவார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"எடுத்துட்டுப் போகவா?" என்றார்.

"ஆமாங்க."

"ஏம்மா, இது நீயா சொல்றியா, இல்ல லவ்டே சொல்லச் சொன்னாளா?"

அத்தை, அந்த இடம் இதுதான். நானாகத்தான் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இங்கே வந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகாத என் வார்த்தைக்கு எடை போதாது என்று நினைத்தேன். தர்மம் செய்யும்போது அது செல்லுபடியாக வேண்டுமே என்று ஒரு கவலை. "அத்தையோட எண்ணமும் இதுதான். ரொம்ப நாளா" என்றேன். அந்த 'ரொம்ப நாளா'வை யாரும் என்னிடம் கேட்கவில்லை. வாக்கியம் நிறைவாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது.

"ரொம்ப நாளாவா" என்று அவர் திருப்பிச் சொன்னார், கேள்வியாக அல்ல. பிறகு, "ரொம்ப நன்றி. ரொம்பப் பெரிய மனசு" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குலுக்கலில் அவருக்குக் குளியல் உப்பு விழுந்தது. வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

பாத்திரம் கழுவும் இடத்தில் மேவிஸ் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, அத்தனை புத்தகம் படிக்கிறியே, எதுலயாவது விளையாட்டுன்னு ஒரு வார்த்தை வருதா?" என்று ஆரம்பித்து ஈரத் துணியோடு அவள் சொன்னதிலிருந்துதான் முழுவதும் தெரிந்துகொண்டேன். ட்ரெவானக்காரர்கள் நேராக உழுகிற அன்றைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வருஷம் நீங்கள் சொன்னது. சிலுவை சளி பிடித்துப் படுத்திருக்கிறது, காற்றில் வெளியே அனுப்ப டாக்டர் சம்மதிக்கவில்லை என்று இன்னொரு வருஷம் சொன்னது. "உன் மாமா தவறிப்போன வருஷம் ஹெட்லி கேக்க மாட்டான்னு எல்லாரும் நெனச்சோம். கேக்கக் கூடாதுன்னும் நெனச்சோம். அவன் எழுந்து கேட்டான். உன் அத்தை மெல்ல எழுந்து, 'அதுவும் போயிட்டா காலையில நான் யாருக்குக் குட் மார்னிங் சொல்றது?'ன்னா. சொல்லிட்டு அவளே சிரிச்சா. சாவு விழுந்ததுக்கப்புறம் அன்னிக்குத்தான் முதல் சிரிப்பு. தனிக்கட்டை, அவனுக்கு வருஷத்துல அந்த ஒரு நாள்தாண்டி. மீதி நாளெல்லாம் என்ன கேக்கறதுன்னு ஆட்டுக்கிட்டப் பேசிப் பழகிட்டு இருப்பான்."

"எனக்கு யாரும் சொல்லலையே" என்றேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதை யாருடி சொல்லுவா?" என்றாள் மேவிஸ்.

சரி, அடுத்த நாளே போய் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் ட்ரெவானக்கிலிருந்து ஹெட்லியின் தங்கை மகன் ராய்ஸ்டன் பாஸ்கோவும் (அந்தப் பன்றிகளின் சொந்தக்காரர்) இன்னும் சிலரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். ஹெட்லி வரவில்லை. வந்தவர்களுக்குச் சிலுவை வேண்டாம். நாற்சந்தியில் அதை நட இடமில்லை. அங்கே இப்போது பஸ் திரும்புகிறது. அதை எப்படிச் சொல்வது? "இவ்வளவு பெரிய மனசுக்கு நாங்க லாயக்கில்லைங்க" என்றார் ராய்ஸ்டன். வேண்டாம் என்று அர்த்தம். நம் ஆட்களுக்கும் கொடுக்க மனமில்லை. ஆனால் கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்குகிறோம் என்று ட்ரெவானக்காரர்கள் நினைத்துவிடக் கூடாதே. "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, அது உங்களுக்குச் சேர வேண்டியது" என்றாள் மேவிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஐயோ, எங்களுக்கு எதற்கு என்று இன்னும் கொஞ்சம் பலமாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். "இல்லைங்க, நீங்க நல்லாப் பாத்துக்கறீங்க." "நீங்க இன்னும் நல்லாப் பாத்துப்பீங்க." "உங்க பிள்ளைங்களுக்கு ஏக்கமாப் போயிடும்." "பழகிக்கும்." இப்படியே ஒருவரையொருவர் மரியாதையால் மூலைக்குத் தள்ளித் தள்ளி, கடைசியில் ராய்ஸ்டன் தூக்குக்குப் போகிறவர் மாதிரி எழுந்து, "அப்போ டிராக்டர் கொண்டு வந்துடறேன்" என்றார். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நான் ஒரு ஓரமாக நின்று கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் புகுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேரும் அத்தனை அழகாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்போது உண்மை ஒரு மரியாதைக்குறைவாகப் பட்டது.

இருந்தாலும் எல்லோரும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு கூழாங்கல்லை நகர்த்துவதற்கும் மறைமாவட்ட அனுமதி வேண்டும். மண்டபக் கழிப்பறைக்குக் கதவு போட நீங்கள் அனுமதி கேட்டு, அது வருவதற்குள் நாம் எத்தனை காலம் திரைச்சீலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே நம் ஆயுளில் அனுமதி வராது, விஷயம் மரியாதையாகச் செத்துவிடும் என்று இரண்டு ஊரும் நிம்மதியாக இருந்தன. ஆனால் ஆயர் பிலிப்பாவை மறந்துவிட்டோம். ஒரே ஆளாகப் பல கோயில்களைக் கட்டி மேய்த்துக்கொண்டு எப்போதும் காரிலேயே சாண்ட்விச் சாப்பிடும் அந்த அம்மாவுக்கு விழாவன்று வேறு ஊரில் ஞானஸ்நானம். விஷயம் தாமதமாகத்தான் எட்டியது. எட்டியதும் வண்டியை நம் வாசலில் நிறுத்தி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "செனாரா, ஒரு ஊர் இன்னொரு ஊர்கிட்ட மன்னிப்புக் கேட்டு நான் பாத்ததே இல்லம்மா. இதுக்காகத்தான் நான் அங்கி போட்டேன்" என்றார். அடுத்த ஞாயிறு தன் எல்லாக் கோயில்களிலும் இதையே பிரசங்கம் செய்தார். மேலிடத்துக்கும் தானே நேரில் போய்ப் பேசினார். அனுமதி வந்துவிட்டது. விழாவில் மீந்த பன் பூஞ்சை பிடிக்கும்முன் வந்துவிட்டது. அதைப் படித்துக் காட்டியபோது ராய்ஸ்டன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

போன சனிக்கிழமை தோண்டினார்கள். டிராக்டர் நுழைய வேண்டி வாசல் கதவைக் கழற்றினார்கள். கழற்றியதைத் திரும்ப மாட்டும்முன் அடுத்த வயல் மாடுகள் உள்ளே வந்துவிட்டன. அவை மேவிஸின் மாமியார் கல்லறையில் இருந்த செவ்வந்திகளைத் தின்றன, மாமா கல்லறையில் நீங்கள் வைத்த ஜெரேனியத்தைத் தின்றன, பிறகு ஒவ்வொன்றாகச் சிலுவையில் முதுகைத் தேய்த்துக்கொண்டன. ஜெரேனியத்துக்குத் தனியாக வருந்துகிறேன். வேர் இருக்கிறது. டிராக்டரோ மழை ஈரத்தில் பாதி வழியில் புதைந்து, அதை இழுக்க நம் ஊர் டிராக்டர் வந்து, அதுவும் பக்கத்திலேயே புதைந்தது. இரண்டு ஊர் ஆண்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். அத்தை, இவ்வளவு மெதுவாக மனிதர்கள் தோண்டி நான் பார்த்ததில்லை. ஒரு வெட்டு, ஒரு பெருமூச்சு, ஒரு டீ. யாராவது கொஞ்சம் வேகமாகக் குத்திவிட்டால் மற்றவர்கள் முறைத்தார்கள். அலுப்பில்லாமல் வேலை செய்தது ஒருவர்தான், மேலிடம் கண்காணிக்க அனுப்பிய தொல்லியல்காரர் அலிஸ்டர். முழங்காலில் மண்ணோடு, பல் துலக்கும் பிரஷ் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, பள்ளத்துக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

ஹெட்லி வந்திருந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் நின்றார். தோண்டவில்லை, டீ வாங்கிக்கொள்ளவில்லை. நான் பக்கத்தில் போனேன். அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் போனேன்.

"மிஸ்டர் நான்காரோ, விழாவன்னிக்கு நான் சொன்னது…"

"பரவால்லம்மா" என்றார். "வருஷா வருஷம் ஒரே ஆள் எழுந்து ஒரே கேள்வியக் கேட்டா யாருக்கும் அலுக்கும். அவ வாய் விட்டுச் சொல்லிட்டா. நல்லதுதான். எனக்குத்தான் புரியாமப் போச்சு."

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். பள்ளத்துக்குள்ளிருந்து அலிஸ்டர் கத்தினார், எல்லோரும் வந்து பாருங்கள் என்று. இறங்கிப் பார்த்தோம். மண்ணுக்குள் போன தண்டு போய்க்கொண்டே இருந்து, கடைசியில் அடிப்பாறையில் வெட்டிய குழியில் பல் மாதிரி இறங்கி நின்றது. வெளியே தெரிவதைவிட உள்ளே இருப்பது அதிகம். சுற்றியிருந்த மண் யாரும் தொடாத மண் என்றார். இந்தச் சிலுவை செதுக்கப்பட்ட நாளிலிருந்து இங்கேயேதான் நிற்கிறது, பக்கத்தில் கோயிலே பிறகுதான் வந்திருக்கும், எருதுகளாவது நாற்சந்தியாவது, உங்கள் ஆயர் போஸ் நன்றாகக் கதை விட்டிருக்கிறார் என்று சந்தோஷமாகச் சொன்னார். அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோது யாரும் சந்தோஷப்படவில்லை.

"நாம திருடலையா?" என்றாள் மேவிஸ்.

"இல்லைங்க. ரொம்ப நேர்மையான ஊர்" என்றார் அலிஸ்டர்.

"நேர்மைய வெச்சு என்னப்பா பண்றது? இந்த ஊர்ல சொல்லிக்கறதுக்கு இருந்ததே இந்த ஒரு திருட்டுதான்" என்றாள்.

ராய்ஸ்டன் மட்டும் நிம்மதியில் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டுத் தன் மாமா ஹெட்லியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஹெட்லி குனிந்து அந்தப் பாறைக் குழியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ எங்களோடது இல்லையா?" என்றார்.

"எப்பவுமே இல்லைங்க" என்றார் அலிஸ்டர்.

"அப்போ கேட்டதெல்லாம்…" என்று ஆரம்பித்து, முடிக்காமல், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "சரி. இனி எனக்கு இங்க என்ன வேலை" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் போய்விட்டது என்று சொல்வது மாதிரி சொன்னார். மாடுகளுக்கு நடுவே நடந்து, கதவில்லாத வாசல் வழியாகப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் நம் மண்டபத்துக்கு டீ குடிக்க வருவாரே, வரவில்லை. அவர் நாற்காலியில் யாரும் உட்காரவும் இல்லை.

நான் யோசித்துப் பார்த்ததை எழுதுகிறேன். முதலில் சிலுவையைக் கொடுத்து அவருடைய கேள்வியைப் பிடுங்கினேன். பிறகு என்னால் வந்த தோண்டலில், அந்தக் கேள்விக்கு எப்போதுமே அடிப்படை இருந்ததில்லை என்றும் ஆகிவிட்டது. நியாயம் செய்யக் கிளம்பி, ஒரு ஊரின் இழப்பையும் இன்னொரு ஊரின் பெருமையையும் ஒரே பள்ளத்தில் போட்டு மூடினேன். அவ்வளவும் போகட்டும், கல் நின்ற இடத்தில் நிற்கிறது, மண்ணைத் தள்ளி மூடியாகிவிட்டது, டிராக்டர்களும் வெளியே வந்துவிட்டன. ஆனால் தன் கேள்வி உங்களுக்கு அலுத்துவிட்டது என்று ஹெட்லி நினைத்துக்கொண்டிருக்கிறார். அது நான் உண்டாக்கியது. உங்கள் வாயில் இல்லாத சொல். நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில், உங்கள் மண்டபத்தில், உங்களுக்காக வருஷம் முழுவதும் ஒருவர் தயாரித்துக் கொண்டுவந்த கேள்விக்கு, நான் எழுந்து நின்று பதில் சொன்னேன். அதைவிட அந்தரங்கமான ஒன்றைத் திறந்து படித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

ஆகவே மூன்று வரி போதும், நீங்களே அவருக்கு எழுதுங்கள். அந்த வார்த்தை உங்களுடையது அல்ல, அந்தப் பெண்ணுக்குப் புத்தி போதாது என்று எழுதுங்கள். என்னைப் பற்றி எவ்வளவு கடுமையாக எழுதினாலும் சரி. நானே போய்ச் சொல்லலாம்தான். இரண்டு தடவை அவர் வீட்டு வாசல் வரை போய், ஆடுகள் பார்த்ததும் திரும்பிவிட்டேன். கோயில் பொறுப்பின் சாவிகளை மேவிஸிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் திரும்பும்முன் வீட்டைத் துடைத்து, பூனைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, ஏதாவது ஒரு பெரிய நகரத்துக்குப் போய்விடலாம் என்றிருக்கிறேன். அங்கே யாரும் என்னை எழுந்து பேசச் சொல்ல மாட்டார்கள்.

கெரென்சாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு முத்தம். பெரியவர்களிடம் ஆசி கேட்டுக் கடிதத்தை முடிப்பது முறை, கேட்க முகமில்லை. ஆனாலும், மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்.

தலைகுனிந்து நிற்கும்
உங்கள் செனாரா

பி.கு.: இதை உறையின் பின்பக்கம், நெடுஞ்சாலை பஸ் நிறுத்தத்தில் முழங்காலில் வைத்து எழுதுகிறேன். தபால் பெட்டியில் போட வந்தேன். சந்தைக்குப் போக ஹெட்லி நின்றுகொண்டிருந்தார். ஓட இடமில்லாததால் சொல்லிவிட்டேன். "அத்தை ஒண்ணுமே சொல்லலைங்க. 'ரொம்ப நாளா'ங்கறதும் நான் சேத்ததுதான்" என்றேன். "ஒண்ணுமே சொல்லலையா?" என்றார். "உங்களை உக்கார வைக்கச் சொன்னாங்க, அவ்ளோதான்" என்றேன். சந்தைக்குக் கிளம்பியவர், "எக்ஸிடருக்கு எங்க வண்டி மாறணும்?" என்று கேட்டார். உங்கள் முகவரி கேட்டார். அது இந்த உறையின் மேல்தான் எழுதியிருக்கிறது என்பதால் உறையோடு கொடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆகவே இதை உங்களிடம் தருவது அவரே. உள்ளே இருப்பதை நீங்கள் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடலாம். நான் எழுதும்போது அவர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்களிடம் ஏதோ கேட்கப் போகிறாராம். சிலுவையைப் பற்றியா என்றேன். "அதுதான் உங்களோடதுன்னு ஆயிடுச்சே, அதைப் பத்திக் கேக்க என்ன இருக்கு?" என்றார். வேறு என்ன என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கு வருகிற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள், அத்தை. பஸ் வந்துவிட்டது.